தள்ளி நின்று எடுங்கள்

கல்யாண வீட்டு குரூப் போட்டோ வாட்ஸப்பில் வந்து விழுந்ததும் நாம் முதலில் மணமக்களைத் தேடுவதில்லை, நம்மைத் தேடுகிறோம். கண்டுபிடித்ததும் பாதிப் பேர் முகம் சுளிப்போம். “எனக்கு போட்டோவே நல்லா விழாது” என்போம். “உனக்கென்ன, நல்லாத்தான் இருக்கே. என்னைப் பாரு, பாதி மேடையை அடைச்சுக்கிட்டு நிக்கிறேன்” என்பார் சித்தி. நேரில் பார்த்தால் சித்தி அப்படி ஒன்றும் பருமன் இல்லை. படத்தில் மட்டும் அவர் சொல்வது போலத்தான் தெரிகிறார். எதை நம்புவது?

இந்த ஒரு கேள்வியை வைத்தே ஒரு போட்டோ தொடர் செய்யலாம். மனிதர்கள் தங்கள் உடம்பைப் பற்றி மனதுக்குள் வைத்திருக்கும் எண்ணத்தை உருவப்படங்களாக எடுக்க வேண்டும் என்று கேமரா வைத்திருக்கும் பலருக்கு ஆசை உண்டு. நல்ல ஆசைதான். ஆனால் ‘எல்லா உடலும் அழகே’ என்று ஒரு தலைப்பை வைத்து, தெரிந்தவர்கள் பத்துப் பேரைக் கூட்டி, ஜன்னலோரம் நிறுத்தி எடுத்து முடித்துவிடுகிறார்கள். படங்கள் அழகாக வரும். பார்க்கிறவருக்குப் புதிதாக ஒன்றும் தெரியவராது. படத்தில் தெரிவதில் எவ்வளவு அந்த மனிதரின் உடம்பு, எவ்வளவு கேமராவின் கைவேலை என்று நாம் பிரித்துப் பார்க்காததுதான் காரணம். முதலில் அதைப் பிரிப்போம்.

கண்ணாடியிலிருந்து தொடங்குவோம். நம் முகத்தை நாம் நேராகப் பார்த்ததே கிடையாது. தினமும் பல் தேய்க்கும்போது பார்ப்பது இடவலம் மாறிய முகம். இடது கன்னத்து மச்சம் கண்ணாடியில் நமக்கு இடப்பக்கம் தெரியும். போட்டோவில் வலப்பக்கம் போய்விடும். யாருடைய முகமும் இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருப்பதில்லை. ஒரு புருவம் கொஞ்சம் மேலே இருக்கும், வாய் ஒரு பக்கம் லேசாக இழுக்கும். கண்ணாடியில் பழகிப்போன அந்தக் கோணல் போட்டோவில் எதிர்ப்பக்கம் தெரியும்போது, ‘ஏதோ சரியில்லையே’ என்று மனசு சொல்கிறது. 1977-இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் மூன்று உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மாணவிகளைப் படமெடுத்து, ஒரே நெகட்டிவிலிருந்து நேராக ஒரு பிரதி, புரட்டி ஒரு பிரதி போட்டுக் காட்டினார்கள். மாணவிகளில் பெரும்பாலோருக்குப் பிடித்தது புரட்டிய பிரதி, அதாவது கண்ணாடி முகம். அவர்களுடைய நெருங்கிய தோழிகளுக்குப் பிடித்ததோ நேரான பிரதி. அவரவர் பழகிய முகம் அவரவருக்கு. நம் தொடருக்கு இது உதவும், பிறகு வருவோம்.

இப்போது எல்லோரும் தடுக்கி விழும் இடத்துக்கு வருவோம். “85 லென்ஸ் போட்டா மூஞ்சி ஒல்லியா வரும், 24 போட்டா உப்பிடும்” என்று எந்த ஸ்டுடியோவில் கேட்டாலும் சொல்வார்கள். கேமரா விற்கிறவரும் சொல்வார், யூடியூபிலும் சொல்வார்கள். அது தவறு. லென்ஸுக்கு அந்தச் சக்தி கிடையாது.

மேசையில் இருக்கும் இரண்டு டம்ளர்களை எடுத்துக்கொள்வோம். ஒரே அளவு. ஒன்றை முன்னாலும், இன்னொன்றை ஒரு சாண் பின்னால் சற்றுத் தள்ளியும் வைப்போம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முன் டம்ளருக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் பாருங்கள். முன்னது பின்னதைப் போல இரண்டு மடங்கு தெரியும். எழுந்து வாசல்படி வரை போய்த் திரும்பிப் பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. டம்ளர்கள் மாறவில்லை. கண்ணுக்குள் நாம் லென்ஸ் எதையும் மாற்றிப் போடவில்லை. தூரம்தான் மாறியது.

முகத்திலும் இதேதான். மூக்கு முன் டம்ளர், காது பின் டம்ளர். மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையில் சுமார் 12 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கையை மடக்கி செல்ஃபி எடுக்கும்போது போன் மூக்கிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் இருக்கிறது, காதிலிருந்து 42 செ.மீ. அப்படியென்றால், காதோடு ஒப்பிட்டால் மூக்கு இருக்க வேண்டியதைவிட 40 சதவீதம் பெரிதாக விழும். அதே போனை ஒன்றரை மீட்டர் தள்ளி வையுங்கள். மூக்கு 150, காது 162. இப்போது வித்தியாசம் 8 சதவீதம்தான். அமெரிக்க முக அறுவை மருத்துவர்களின் ஆய்விதழ் ஒன்றில் 2018-இல் இப்படியொரு கணக்கு வந்தது. 12 அங்குலத்தில் எடுத்த செல்ஃபியில் மூக்கு ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரியும், 5 அடியில் அந்தக் குறை அநேகமாக மறைந்துவிடும் என்று. செல்ஃபியைக் காட்டி, ‘இந்த மூக்கைச் சின்னதாக்குங்கள்’ என்று வருகிறவர்கள் அதிகமானதால்தான் அந்த மருத்துவர்கள் கணக்குப் போட உட்கார்ந்தார்கள். போனைத் தள்ளி வைத்தால் தீர்கிற விஷயத்துக்குக் கத்தி.

அப்படியானால் லென்ஸ் என்னதான் செய்கிறது? எவ்வளவு பரப்பை உள்ளே வாங்குவது என்பதை மட்டும் முடிவு செய்கிறது. 24 மி.மீ. லென்ஸில் முகம் ஃபிரேமை நிறைக்க வேண்டுமென்றால் நாம் மூக்கருகே போயாக வேண்டும். 85-இல் நிறைக்கப் பின்னால் நகர்ந்தாக வேண்டும். லென்ஸை மாற்றும்போதெல்லாம் கால்களும் நகர்கின்றன. கால்கள் செய்ததற்கு லென்ஸுக்குப் பெயர். சந்தேகம் இருந்தால் ஓரிடத்தில் நின்று, நகராமல், இரண்டு லென்ஸிலும் எடுங்கள். 24-இல் எடுத்ததில் முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி 85-இல் எடுத்ததன் பக்கத்தில் வையுங்கள். பெரிதாக்கியது கொஞ்சம் மங்கலாக இருக்கும். மூக்கு இரண்டிலும் ஒன்றுதான்.

இதைச் சொன்னதும், ‘சரி, எவ்வளவு தள்ளிப் போகிறோமோ அவ்வளவு நல்லது’ என்று ஒரு முடிவுக்கு வரத் தோன்றும். அதுவும் சரியில்லை. பத்து மீட்டர் தள்ளி நின்று பெரிய லென்ஸில் எடுத்தால் காதுகள் முன்னுக்கு வரும், முகம் தட்டையாகி அகலமாகத் தெரியும். கேமராவில் குண்டாகத் தெரிகிறேன் என்று சிலர் சொல்வதில் இதற்கும் பங்குண்டு. ‘உண்மையான முகம்’ தெரிகிற தூரம் என்று ஒன்று கிடையாது. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் தூரம், அதாவது ஒன்றரை முதல் இரண்டு மீட்டர், நம் கண் பழகிய தூரம். அவ்வளவுதான் அதற்குள்ள மரியாதை.

சித்தியை மறந்துவிடவில்லை. அவர் விஷயத்தில் லென்ஸின் பக்கமும் ஒரு குற்றம் இருக்கிறது. மேடை முழுக்க ஒரே படத்தில் அடங்க வேண்டுமென்று அகல லென்ஸ் போடும்போது, ஃபிரேமின் ஓரத்தில் விழும் எதுவும் பக்கவாட்டில் இழுபடும். நேர்கோடுகளை நேராகவே காட்ட வேண்டும் என்று அந்த லென்ஸ் வடிவமைக்கப்பட்டிருப்பதால் வரும் விளைவு இது. ஓரத்தில் நின்ற சித்தி இழுபட்டார், நடுவில் நின்ற மாப்பிள்ளை தப்பித்தார். அடுத்த கல்யாணத்தில் இடம் மாறி நின்றால் போதும்.

கேமராவின் உயரமும் இதே கணக்கில் வரும். முழு உருவப் படத்தைக் கண் மட்டத்திலிருந்து கிட்டே நின்று எடுத்தால் தலை பெரிதாகவும் கால்கள் குட்டையாகவும் விழும். இடுப்பு மட்டத்தில் வைத்தால் தலைக்கும் காலுக்கும் தூரம் ஏறத்தாழ சமம். யாஷிகா போன்ற இரட்டை லென்ஸ் கேமராக்களில் மேலிருந்து குனிந்துதான் பார்க்க வேண்டும், அதனால் கேமரா தானாகவே வயிற்று மட்டத்தில் நிற்கும். அந்தக் காலத்து முழு உருவப் படங்களில் நம் தாத்தாக்கள் அத்தனை நிமிர்ந்து தெரிவதற்கு வீரம் பாதி, அந்தப் பெட்டி பாதி.

அளவு முடிந்தது, நிறத்துக்கு வருவோம். கேமராவுக்குள் ஒளியை அளக்கும் கருவி ஒன்று இருக்கிறது. முன்னால் இருப்பது கறுப்பா வெளுப்பா என்று அதற்குத் தெரியாது. எதைப் பார்த்தாலும், விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும்படிதான் அது பழக்கப்பட்டிருக்கிறது. கறுத்த முகம் ஃபிரேமை நிறைத்தால், ‘வெளிச்சம் போதவில்லை’ என்று கூட்டி முகத்தை வெளிறச் செய்யும். அதே முகம் வெள்ளைச் சுவருக்கு முன்னால், வெள்ளைச் சட்டையில் இருந்தால், ‘வெளிச்சம் அதிகம்’ என்று குறைத்து முகத்தை இருட்டடிக்கும். ஒரே ஆள், ஒரே நாள், இரண்டு நிறம். இப்போதைய போன்கள் முகத்தைக் கண்டுபிடித்துச் சரி செய்கின்றன, ஆனால் சரி செய்கிறேன் என்று பல போன்கள் கேட்காமலேயே வெளுக்கவும் செய்கின்றன. கையில் வைத்து அளக்கும் லைட் மீட்டரைத் தாடைக்குக் கீழே பிடித்து, முகத்தின் மேல் விழும் ஒளியை அளந்தால் இந்தக் குழப்பம் இல்லை. தோல் எந்த நிறமோ அந்த நிறம்.

வெளுக்கும் ஆசையை ஃபில்டர்தான் கொண்டுவந்தது என்று நினைக்க வேண்டாம். கறுப்பு வெள்ளைக் காலத்து ஸ்டுடியோவில் ‘டச்சிங்’ என்று ஒரு வேலை இருந்தது. கீழிருந்து வெளிச்சம் வரும் சாய்வுப் பலகையில் நெகட்டிவை வைப்பார்கள். பென்சில் ஒட்டுவதற்காக அதன்மேல் ஒரு மெல்லிய பூச்சு தடவுவார்கள். ஊசி போல நீளமாகச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக, சின்னச் சின்ன வளையங்களாக நிரப்புவார்கள். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். முகத்தில் கறுத்துத் தெரியும் அம்மைத் தழும்பும் கண்ணுக்குக் கீழுள்ள குழியும் நெகட்டிவில் வெளிர் இடமாக இருக்கும். அங்கே பென்சில் ஏறினால் ஒளி தடுக்கப்படும், பிரிண்டில் அந்த இடம் வெளுத்துச் சமமாகும். பென்சிலால் வெளுக்க மட்டும்தான் முடியும். கறுக்க வேண்டுமானால் கத்தியால் சுரண்ட வேண்டும், கை நடுங்கினால் நெகட்டிவ் போச்சு. அதனால் கைவேலையின் போக்கே வெளுப்பின் பக்கம் சாய்ந்திருந்தது.

கலர் வந்த பிறகும் கதை பெரிதாக மாறவில்லை. பிரிண்ட் போடும் லேப்களுக்கு கோடாக் ஒரு மாதிரிப் படத்தை அனுப்பியது. ஷெர்லி என்ற பெண்ணின் பெயரால் அதை ‘ஷெர்லி கார்டு’ என்பார்கள். பல ஆண்டுகள் அதில் வெள்ளைக்காரப் பெண்கள்தான். அவர்களுடைய தோல் சரியாக வந்தால் கலர் சரி என்று கணக்கு. பல நிறத்தவரும் இருக்கும் கார்டுகள் பரவலாக வந்தது 1990-களில்தான். நம் ஊர்ப் பக்கமும் இதைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். சென்னையைச் சேர்ந்த நரேஷ் நில், பரத்வாஜ் சுந்தர் இருவரும் 2017-இல் ‘டார்க் இஸ் டிவைன்’ என்ற தொடரில் லட்சுமி முதலான தெய்வங்களைக் கறுத்த நிறத்தவரை வைத்தே எடுத்தார்கள். காலண்டர் லட்சுமி ஏன் ரோஜாப்பூ நிறத்திலேயே இருக்கிறாள் என்று அதுவரை கேட்காதவர்களையும் அது கேட்க வைத்தது.

இனி நம் தொடர். இவ்வளவும் தெரிந்த பிறகு முதல் வேலை, கேள்வியைச் சின்னதாக்குவது. ‘உடல் தோற்றம்’ என்பது கடல். முப்பது வயதில் வழுக்கை விழுந்தவர்கள், வெண்புள்ளி உள்ளவர்கள், பிரசவம் முடிந்து சில மாதங்களே ஆனவர்கள் என்று ஒரு கரையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எனக்குப் பிடித்த ஒன்று சொல்கிறேன். ஜாதகத்தோடு சேர்த்து அனுப்பும் போட்டோ. முகம் மட்டும் ஒன்று, முழு உருவம் ஒன்று, பட்டுப்புடவையில். உயரம் தெரிய வேண்டும், நிறம் ‘தூக்கலாக’ இருக்க வேண்டும், பருமன் தெரியக் கூடாது. முன்பின் தெரியாத ஒரு குடும்பம் நம் உடம்பைப் பார்த்து முடிவெடுக்கப்போகிறது என்று தெரிந்தே எடுக்கும் படம் அது. நம் ஊரில் இதைவிட நேரான உடல் தோற்றப் படம் வேறு எது? அந்தப் பழைய படத்தை எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். இப்போது புதிதாக ஒன்று எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் விளக்கவுரை அதிகம் தேவைப்படாது.

இரண்டாவது, விதிகளை முன்னமே கட்டிவிடுவது. தரையில் டேப் ஒட்டி இரண்டு மீட்டர். எல்லோருக்கும் ஒரே லென்ஸ், ஒரே வெளிச்சம், ஒரே சுவர். கேமரா அரை உருவத்துக்கு அவரவர் நெஞ்சு மட்டம், முழு உருவத்துக்கு இடுப்பு மட்டம். இப்படிப் பூட்டிவிட்டால் ஒரு படத்துக்கும் இன்னொரு படத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்த மனிதரிடமிருந்து வந்ததாக இருக்கும். ஒருவரைக் கீழிருந்தும் இன்னொருவரை மேலிருந்தும் எடுத்து ‘உடல்களின் பன்முகம்’ என்று மாட்டினால், மாட்டியது நம் முழங்கால் மடங்கிய விதத்தைத்தான். திருத்தம் செய்வதிலும் ஒரு விதி வேண்டும். இரண்டு வாரத்தில் தானாகப் போகும் பருவை எடுக்கலாம், கூடவே பிறந்ததைத் தொடக் கூடாது என்று வைத்துக்கொண்டால் தகராறு இருக்காது. நார்வேயில் விளம்பரப் படத்தில் உடல் அளவையோ வடிவத்தையோ தோலையோ திருத்தியிருந்தால் அதில் முத்திரை போட வேண்டும் என்று 2022 ஜூலை முதல் சட்டமே இருக்கிறது. நமக்குச் சட்டம் வேண்டாம், சுவரில் ஒரு வரி எழுதி ஒட்டினால் போதும்.

மூன்றாவதுதான் கடினம். யார் கிளிக் செய்வது? லண்டனில் ஜோ ஸ்பென்ஸ் என்று ஒருவர் இருந்தார். 1967-இலிருந்து சில ஆண்டுகள் சொந்த ஸ்டுடியோ நடத்தி, கல்யாணம், குடும்பம், நடிகர்கள் என்று எல்லோரையும் அழகாகக் காட்டிப் பிழைத்தவர். 1982-இல் அவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. அறுவைக்கு முன்னால் தன் இடது மார்பின் மேல், இது ஜோ ஸ்பென்ஸின் சொத்தா என்று கேள்விக்குறியோடு எழுதிப் படம் எடுத்துக்கொண்டார். மற்றவர்களைப் படமெடுத்தே வாழ்ந்தவர், தன் உடம்பு டாக்டர் கைக்குப் போகும் நேரத்தில் அதை யார் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்று தானே தீர்மானித்தார். பிறகு ரோஸி மார்ட்டின் என்ற தோழியோடு சேர்ந்து ‘போட்டோ தெரபி’ என்று ஒரு முறையை வளர்த்தார். அதில் எதிரே நிற்பவர்தான் தன்னை எப்படிக் காட்ட வேண்டும் என்று சொல்வார், கேமரா பிடிப்பவர் கேட்டுக்கொள்வார்.

நாம் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. நீளமான கேபிள் ரிலீஸோ ரிமோட்டோ வாங்கி எதிரே இருப்பவர் கையில் கொடுத்துவிடலாம். நாம் சில படம் எடுத்துவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். உள்ளே அவர் தன்னைத்தானே எடுத்துக்கொள்வார். தோள் இறங்கும். வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்திருந்தவர் விட்டுவிடுவார். சிலர் நேர்மாறாக, யாரும் பார்க்கவில்லை என்றதும் ஒரு சினிமா போஸ் கொடுப்பார்கள். அதுவும் அவர்தான்.

முகம் தெரிய வேண்டாம் என்பார்கள் சிலர். சின்ன ஊர், மாமியார் வீடு, ஆபீஸ் என்று ஆயிரம் காரணம், எதையும் கேட்க வேண்டியதில்லை. ஜான் கோப்லான்ஸ் என்ற புகைப்படக் கலைஞர் தன் அறுபதுகளில், 1984 முதல், தன் முதிய உடம்பையே எடுத்தார். முதுகு, கை, மடிந்த வயிறு, பாதம், எல்லாம் பெரிது பெரிதாக. எதிலும் தலை கிடையாது. முகமில்லாத உருவப்படம் பாதி உருவப்படம் என்று நினைப்பவர்கள் அந்தக் கைகளை ஒருமுறை பார்க்க வேண்டும்.

சம்மதத்தைத் தமிழில், புரிகிற மாதிரி எழுதி வாங்குங்கள். எங்கே மாட்டுவோம், இன்ஸ்டாகிராமில் போடுவோமா மாட்டோமா, பின்னால் வேண்டாமென்று தோன்றினால் எடுத்துவிடுவோம் என்று எல்லாம் அதில் இருக்கட்டும். சாப்பாட்டோடும் எடையோடும் நிஜமாகவே போராடிக்கொண்டிருப்பவர் என்று தெரிந்தால், படத்துக்குப் பக்கத்தில் எடையோ அளவோ எழுத வேண்டாம், எலும்பைக் காட்டும் வெளிச்சம் வைக்க வேண்டாம். பார்க்கிறவர்களில் அதே போராட்டத்தில் இருப்பவர் அந்த எண்ணைத் தனக்கு இலக்காக எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. இன்னொன்று, எனக்கு ஒவ்வாத ஒரு வழக்கம். கொஞ்சம் பருமனான பெண்ணின் படத்துக்குக் கீழே ‘துணிச்சல்’ என்று எழுதுவது. நாற்காலியில் உட்கார்ந்ததில் என்ன துணிச்சல்? பேரும் ஊரும் எழுதுங்கள், அவர் சொன்னதில் ஒரு வரி எழுதுங்கள்.

படம் சுவருக்குப் போகும் முன் அவர் கைக்குப் போக வேண்டும். இங்கேதான் மில்வாக்கிக்காரர்கள் உதவுகிறார்கள். தேர்ந்தெடுத்த படத்தில் இரண்டு பிரிண்ட் போடுங்கள், ஒன்று நேராக, ஒன்று புரட்டி. எது எது என்று சொல்லாமல் கொடுத்து, எது நீங்கள் என்று கேளுங்கள். கூட வந்த அம்மாவையோ கணவரையோ தனியாகக் கேளுங்கள். பதில் மாறினால் அந்த இரண்டு பிரிண்டையுமே மாட்டலாம்.

முதல் ஆளாக நீங்கள் போய் அந்த டேப்பில் நில்லுங்கள், ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு. அடுத்தவரை நிறுத்தும் முன் அந்த விளக்கின் சூடும், கையை எங்கே வைப்பது என்று தெரியாத தவிப்பும் தெரிந்திருக்க வேண்டும். அப்புறம் அந்தப் படத்தைத் தொடரின் முதல் படமாக மாட்டுங்கள், மற்றவர்களுக்குப் போட்ட அதே அளவில், அதே விதிகளோடு, பருவோடு.